நான்கு மாதம் அடி படக் கூடாது

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள். போனில் பேசினால் அழுகை முந்திக்கொள்கிறது, அதனால்தான் கடிதம்.

நீ வீட்டைவிட்டு ஓடிய ஞாயிற்றுக்கிழமைக்குப் பின் நடந்ததை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்பா என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதியதும், நீ அவருடைய ஸ்பேனரையே எடுத்து அவர் வாயில் அடித்ததும் நீ அறிந்ததுதான். நீ போனபின் தரையில் கிடந்த ரத்தத்தைத் துழாவி மூன்று முன்பற்களை எடுத்தேன். ஒன்று பாதிதான் இருந்தது.

உதட்டுத் தையல் ஆறியதும் பல் டாக்டரிடம் போனோம். பட்டறையில் எல்லாரும் சிரிக்கிறார்கள், இம்பிளான்ட் வைத்தே தீர வேண்டும் என்று அப்பாவுக்குப் பிடிவாதம். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். தாடை எலும்புக்குள் சின்னத் திருகாணி ஒன்றை வைப்பார்களாம். எலும்பு வளர்ந்து அதைக் கவ்விக்கொள்ளச் சில மாதம் ஆகுமாம், பிறகுதான் மேலே பல். அப்பாவுக்கோ சர்க்கரை முந்நூறைத் தாண்டிவிட்டது, ஈறெல்லாம் சீழ், நாளுக்கு இரண்டு பாக்கெட் சிகரெட். இப்ப வச்சா புண்ணு ஆறாது, திருகாணியும் நிக்காது, முதல்ல சர்க்கரையைக் குறைங்க, சிகரெட்டை விடுங்க, அப்புறம் பார்க்கலாம் என்றார். அப்பா கருவித் தட்டை எட்டி உதைத்தார். ஊசியும் இடுக்கியும் அறையெங்கும் சிதறின.

குனிந்து பொறுக்கிய என் வாயை டாக்டரம்மா கவனித்துவிட்டார். கீழ் வரிசையில் இரண்டு பல் எப்படிப் போனது என்று கேட்டார். நீ மூன்றாம் வகுப்பு படித்தபோது போனவை. இத்தனை வருடமும் மாடிப்படியில் விழுந்தேன் என்றே சொல்லிவந்தேன். அன்று, அப்பா பக்கத்தில் நிற்கும்போதே, இவர்தான் அடித்தார் என்று சொல்லிவிட்டேன். அங்கேயே என் கன்னத்தில் அறைந்தார். ஊழியர்கள் இருவர் அவரை வெளியே தள்ளினார்கள்.

எனக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். பல் போன இடத்தில் எலும்பு தேய்ந்திருக்கிறது, எலும்புத் தூள் வைத்துச் சரிசெய்யலாம், ஐம்பத்திரண்டு வயது ஒரு தடையே இல்லை, சர்க்கரையும் இல்லை, உங்களுக்குத் தாராளமாகப் பொருந்தும் என்றார் டாக்டரம்மா. போன வாரம் திருகாணி வைத்தாயிற்று. நான்கு மாதம் தாடையில் அடி படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதனால் நான் வீட்டுக்குப் போகவில்லை. வேலை பார்க்கும் தையல் கம்பெனியின் விடுதியில் இருக்கிறேன். ஒருநாள் அப்பா வந்து ஜன்னலில் கல்லெறிந்தார். இந்த முறை நானே போலீசில் எழுதிக் கொடுத்தேன்.

கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம் கண்ணா. அன்று நீ எனக்காகத்தான் அடித்தாய். ஆனால் அவர் விழுந்த பிறகும் நீ நிறுத்தவில்லை. போதும்டா, விட்டுடுடா என்று நான் கத்தியும் நிறுத்தவில்லை. அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். அப்பா அடிக்க வரும்போது ஒதுங்குவதுபோலவே சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டேன்.

அந்தப் பெண்ணை ஒருமுறை என்னிடம் கூட்டி வா. அவள் வாய்விட்டுச் சிரிப்பதை நான் பார்க்க வேண்டும். பத்து வருடம் கழித்து வந்தாலும் அவள் அப்படியே சிரிக்க வேண்டும். வேறெதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

நீ நன்றாயிரு. அவளையும் நன்றாக வைத்திரு.

உன் அம்மா