தழும்பு எண்ணுனவளுக்கு

கார்த்திகை 3, திங்கள்.
விடிஞ்சதுல இருந்து தூறல். அருவிக்கு ஒரு வண்டியும் வரல. கடைக்குக் கரைச்ச பஜ்ஜி மாவு வீண்.

மதியம் கள்ளக்குறிச்சி பஸ்ல இருந்து மலர் இறங்குனா, பெட்டியோட. "இன்னாடி, நீ காலேஜ காலி பண்ணிட்டியா, காலேஜ் உன்ன காலி பண்ணிடுச்சா?" சும்மா வாய்க்கு வந்த கிண்டல். அழுதுட்டா என் பொண்ணு.

நடந்தது இது. யுனிவர்சிட்டி சார் ஒருத்தரு ஆஸ்டலுக்கு வந்து கேள்வித்தாள் குடுத்தாராம். சாகற எண்ணம் இல்லாமலே, மனசு தாங்காம தன் உடம்பத் தானே காயம் பண்ணிக்கிற புள்ளைங்க எத்தினி பேரு, ஏன் பண்ணுதுங்கன்னு கணக்கெடுக்க. பேரு எழுத வேணாம்னு சொல்லிட்டாராம். நல்ல மனுசன். அவரு போனதும் வார்டனம்மாவுக்குப் பேரு தெரிஞ்சே ஆகணும். டிபன் நேரத்துல எல்லாப் பொண்ணுங்களையும் வரிசையா நிக்க வச்சி, கைய நீட்டச் சொல்லி, தழும்பு எண்ணியிருக்கா. மலர் கைல ஜாஸ்தி. "மலையில இருந்து வர்றதுங்களே இப்படித்தான்"னு அத்தினி பேர் எதிர்ல சொல்லி, வூட்டுக்குப் போன்னுட்டா. பரீட்சை வருது.

சாமை அறுத்த கைடி அது! அருவா படாத, முள்ளு கீறாத கை எங்க கரியாலூர்ல யாருக்கு இருக்கு?

வார்டனுக்குப் பேரு வச்சாச்சு. கொக்கு. கழுத்து அப்டியாம். விடமாட்டேன் அவள.

4, செவ்வாய்.
மழை இல்ல. குளிரு. எண்ணெய் வாங்கணும்.

கொக்குக்குப் பண்ண வேண்டியது:
– அருவி பாக்க ஒரு நாளு வருவா இல்ல. காந்தாரி மொளகா வச்சி ஸ்பெசல் பஜ்ஜி.
– ஸ்கூட்டி சீட்டுல பலாப் பாலு.
– மாரியாத்தாகிட்ட முறையீடு. (போன மாசம் கேட்டதே பாக்கி.)

நாத்தனா குப்பி படிச்சிட்டு, "இன்னா அண்ணி, அவள பொளந்துடுவன்னு பாத்தா பஜ்ஜி சுட்டுக்கினு இருக்க?"ன்னா. அப்பத்தான் தோணுச்சு. ஊர் பொம்பளைங்க அத்தினி பேரும் பஸ் ஏறிப் போயி, பிரின்சிபால் ரூம்ல ஜாக்கெட்டுக் கைய ஏத்திவுட்டு, எண்ணுங்கன்னு நீட்டணும். "என் கைய எண்ண ரெண்டு வார்டன் வேணும்"ன்றா குப்பி. வயிறு வலிக்க சிரிச்சோம்.

மலர் சிரிக்கல. சோறு பாதி அப்டியே.

5, புதன்.
வெயில். சாமை காயுது.

பிரின்சிபால்கிட்ட சொல்ல மலர் கையப் புடிச்சி ஒத்திகை பாத்தேன். இது போன வருசம் அறுப்புல. இது இலந்த முள்ளு. இது பாறையில வழுக்கி வுழுந்து, அன்னிக்கும் பாவாடை நனைஞ்சதுக்குத்தான அழுத. இது? கைய இழுத்துக்கினா.

"அது அருவா இல்லமா."
"பின்ன?"
"நான்தான்."

எத வச்சி, எப்டின்னு எழுத மாட்டேன்.

கிளாஸ்ல இங்கிலீசுல கேள்வி கேட்டா, முன் பெஞ்சு திரும்பி சிரிக்குமாம். அன்னிக்கு நெஞ்சுக்குள்ள ஒரே இரைச்சல். பண்ணா கொஞ்ச நேரம் அடங்கும், அப்பறம் வெக்கமும் சேந்து இன்னும் ஜாஸ்தியாவும்னா. சாகணும்னு தோணுச்சாடின்னு நேராவே கேட்டேன். இல்லமா, சத்தியமா இல்லன்னா. அவ ரூம் பொண்ணும் பண்ணுதாம், ஆனா கைல இல்ல. அந்தப் பொண்ணு முதுகுல கொக்கு தட்டி, "இவள மாதிரி இருங்க"ன்னாளாம்.

வாயில ஒரு கிண்டலும் வரல எனக்கு. தல வாரி வுட்டேன், காலேஜ் போற பொண்ணுக்கு.

அப்ப கொக்கு என் பொண்ண சரியாத்தான் எண்ணியிருக்கா. அதுதான் இன்னும் எரியுது. கண்டுபுடிச்சவ கூப்ட்டு ஒரு வார்த்த கேக்கல. பஸ் ஏத்திவுட்டா.

6, வியாழன்.
ஊரே பஸ் ஏறிப் போறது வேணாம்னுட்டேன். "ஏன் அண்ணி, புதுப் பொடவ எடுத்து வச்சிட்டனே"ன்னு குப்பிக்கு வருத்தம். காரணம் சொல்லல. மலர் சொன்னா சொல்லட்டும். கோவம் மட்டும் ஒரு பொட்டும் கொறையல.

7, வெள்ளி.
கள்ளக்குறிச்சி. வேர்வை. பிரின்சிபால் ரூம்லயே உக்காந்து எழுதறேன்.

பிரின்சிபால் சார் தன்மையாத்தான் பேசுனாரு. கொக்கு பக்கத்துல நின்னுக்கினு இருந்தா. கழுத்து நெசமாவே அப்டித்தான். "இனிமே இப்படிச் செய்ய மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு ஆஸ்டலுக்கு வரட்டும்மா. பரீட்சை எழுதலாம்." பேனாவ நானே எடுத்து மலர்கிட்ட நீட்டுனேன். பரீட்சை முக்கியம், பழி அப்பறம்.

மலர் வாங்கல.

"பொய் எழுத மாட்டேன் சார். நாளைக்கே திரும்பத் தோணலாம். தோணுனா இந்தக் காலேஜ்ல யார்கிட்ட போயி சொல்லணும்? அவங்க பேரு சொல்லுங்க."

சார் கொக்கப் பாத்தாரு. கொக்கு மலரப் பாத்தா. "என்கிட்ட வந்து சொல்லேன்"னா. மலர், "உங்ககிட்ட சொன்னா டிபன் ஹாலுக்கே தெரியும் மேடம்"னுட்டா.

எம்பொண்ணு!

"இதுக்குன்னு ஆளு இல்லம்மா, பாத்து ஏற்பாடு பண்றோம், நீங்க போயிட்டு வாங்க"ன்னாரு சார். நான் போயி நடு நாற்காலியில உக்காந்துட்டேன். "பேரு வரட்டும் சார், போறேன். பக்குவமா கேக்கத் தெரிஞ்ச ஆளு பேரு. எனக்கு இன்னா அவசரம், அருவியில கூட்டம் கம்மி."

கடைசி மலை பஸ் போயிடும்மான்னு மெரட்டறா கொக்கு. போவட்டும், ராத்திரி உங்க ரூம்ல படுத்துக்கறேன் மேடம், கொறட்டை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தின்னேன். மலர் வாயப் பொத்திக்கினா. சிரிப்பு.

பியூன் டீ கொண்டாந்தான். சக்கர கம்மி. சொல்லி இன்னொண்ணு வாங்கிக் குடிச்சேன். சார் யாருக்கோ போன் போட்டுக்கினு இருக்காரு, மூணாவது ஆளு. கொக்குக்குக் காலு வலிக்குது, நின்னுக்கினே இருக்கா. இருக்கறதுல நல்ல நாற்காலி எங்கிட்ட.