தூங்குகிற பிள்ளைக்கு நாள் கணக்கில்லை

அன்புள்ள ஹம்மு அண்ணாவுக்கு,

தங்கை துடா ஸலாம் சொல்லி எழுதுவது. ஸ்பெயினில் குளிர் எப்படி? இங்கே மலையில் பனி இறங்கிவிட்டது. ஆடுகளை வெளியே விடுவதில்லை.

நான் முதலில் கவனித்தது நம் பித்தளை உரலின் உலக்கையை. அதற்கு உங்களுடைய பழைய கம்பளிக் காலுறையை மாட்டி நூலால் கட்டியிருந்தது. சீரகம் இடித்தால் சத்தமே வரவில்லை. குளிருக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன். நான் எதையும் கேட்கிறவள் இல்லை, உங்களுக்கே தெரியும்.

மறுநாள் சேவலைக் காணோம். கழுதையின் கழுத்து மணியைக் காணோம். சுவரில் நாட்காட்டி இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அம்மா காதோடு காதாகத்தான் பேசுகிறாள்.

நீங்கள் கோடையில் வந்துபோனதில் இட்டோ அண்ணி உண்டாகியிருப்பதை அம்மா போனில் சொல்லியிருப்பாள். சொல்லாதது ஒன்று உண்டு. சின்ன வயதில் மூட்டு வீங்கி வந்த காய்ச்சலில் அண்ணியின் இதயம் கெட்டுப்போயிருக்கிறது. டவுன் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன், காகிதம் படிக்க ஆள் வேண்டுமென்று. ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான்தானே. டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார். "இந்த இதயத்தை வச்சுக்கிட்டு இவ மாடிப்படி ஏறுறதே அதிகம்மா. பிள்ளையைச் சுமந்தா ரெண்டு பேருமே மிஞ்ச மாட்டாங்க" என்றார். கலைத்துவிடலாம், சட்டம் இதற்கு இடம் தருகிறது, ஆனால் புருஷன் கையெழுத்து வேண்டும் என்றார். உயிர் போகிற நிலைமை வந்துவிட்டால் கையெழுத்து தேவையில்லையாம். அதற்கு முன்னால் தேவையாம்.

திரும்பி வரும்போது டாக்ஸி ரேடியோவில் இதே பேச்சு. கலைப்பதென்றால் ஒருவர் நாற்பது நாளுக்குள் என்றார், ஒருவர் நூற்றிருபது நாளுக்குள் என்றார், ஒருவர் எந்த நாளிலும் கூடாது என்றார். ஒரு பெண், அவளே கையெழுத்துப் போட்டால் போதாதா என்று கேட்டார். டிரைவர் சிரித்தார். "பொம்பளைங்களே கையெழுத்துப் போட்டுக்கிட்டா நாங்க எதுக்கு, வண்டி ஓட்டவா?" என்றார். பின்னால் கோழிக்கூடையோடு இருந்த அம்மாள், "அதையாவது ஒழுங்கா ஓட்டுய்யா, எல்லாப் பள்ளத்துலயும் விடுறே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி மட்டும் மடியில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

அம்மாவைத் தப்பாக நினைக்காதீர்கள். நாங்கள் சொன்னதைக் கேட்டு அன்று முழுவதும் அழுதாள். மறுநாள் சந்தைக்குப் போகிறவள்போல அண்ணியைக் கூட்டிக்கொண்டு, மந்திரித்துக் கொடுக்கும் லல்லா ஹத்தாவிடம் போனாள். வயிற்றுப் பிள்ளையை வளராமல் தூங்கவைப்பதற்கு இந்தப் பக்கத்தில் அவளைத்தான் சொல்வார்கள். கறுப்புக் கம்பளி நூலில் ஏழு முடிச்சுப் போட்டு, நாணல் குழலுக்குள் வைத்து, மெழுகால் அடைத்துக் கொடுத்திருக்கிறாள். அது இப்போது மாவுப் பானைக்குள் இருக்கிறது.

"அவ நெஞ்சு தேறுற வரைக்கும் வயித்துலயே தூங்கட்டும்டி. அப்புறம் எழுப்பிக்கலாம். யாரையும் கொல்லவும் வேணாம், யாரும் சாகவும் வேணாம்" என்கிறாள் அம்மா. பெரியம்மா மகன் பாஸு மூன்று வருஷம் வயிற்றில் தூங்கிப் பிறந்தவன் என்று நினைவூட்டினாள். அதற்கு அண்ணி, "அவரு இப்பவும் மதியம் வரைக்கும் எழுந்திரிக்கிறதில்லையே அத்தை" என்றாள். அண்ணி கடைசியாகச் சிரித்தது அன்றுதான்.

ரேடியோக்காரர்கள் சொல்லும் நாட்களை நான் ஒருமுறை எடுத்துச் சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். "தூங்குற பிள்ளைக்கு ஏதுடி நாள் கணக்கு?" என்றாள்.

இப்போது ஊரே அதன்படி நடக்கிறது, அண்ணா. நம் சுவரை ஒட்டி வரும்போது ஆட்கள் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். எதிர்வீட்டுக் கல்யாணத்தில் யாரும் குலவையிடவில்லை. பெண் வாயைத் துணியால் மூடிக்கொண்டு கோவேறு கழுதைமேல் ஏறிப் போனாள். நானும் நுனிக்காலில் நடக்கப் பழகிவிட்டேன். ஒருநாள் ரொட்டிக்கு மாவு அள்ளப் போனபோது, பானைக்குள் யாரோ மூச்சு விடுவதுபோல் கேட்டது. நான் ஓடவில்லை. எழுப்பிவிடக் கூடாதே என்று மூடியை மெதுவாக வைத்தேன். அப்புறம்தான் என்னை நினைத்து எனக்கே பயமாக இருந்தது.

அண்ணிக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டுகிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருக்கிறாள். உதடு நீலமாகிறது. நேற்று மதியம் என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே ஒரு மீன் வாலை அடித்ததுபோல் இருந்தது. அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். "தூக்கத்துல புரளுது" என்றாள். அவள் போன பிறகு அண்ணி சொன்னது இது: "அது தூங்கல துடா. நான்தான் தூங்காம உக்காந்திருக்கேன்."

போனில் இதையெல்லாம் சொல்ல முடியாது. நீங்கள் கூப்பிட்டால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். அண்ணியின் போனை, மணி அடிக்கும் என்று, பெட்டியில் வைத்துப் பூட்டியாயிற்று. அதனால் ஆஸ்பத்திரிக் காகிதத்தை இதோடு வைத்து, இன்று ஸ்பெயினுக்குச் சாமான் ஏற்றிப் போகும் பாஸு அண்ணாவிடம் கொடுக்கிறேன். அவர் வண்டி அடுத்த வெள்ளி திரும்பிவிடும். நாட்காட்டி இல்லாமலே நான் எண்ணிவருகிறேன். நீங்கள் போய் இன்று நூற்றுப் பன்னிரண்டு நாள். நாள் கணக்கில்லை என்று வாயால் சொன்னாலும், நூற்றிருபது தாண்டினால் பிள்ளைக்குள் உயிர் ஊதப்பட்டுவிடும் என்று அம்மா உள்ளூர நம்புகிறாள், அதற்குப் பிறகு யார் சொன்னாலும் கேட்க மாட்டாள். அதுவரை அண்ணி தாங்குவாளா என்பதும் எனக்குத் தெரியாது.

பிள்ளை உங்களுடையது. உங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். காகிதத்தில் கீழே கோடு போட்ட இடம் மேலாகத் தெரியும்படி மடித்திருக்கிறேன். அண்ணா, பெயரை முழுசாக எழுதுங்கள். இறைவன் உங்கள் கைக்குத் தெம்பு கொடுக்கட்டும்.

உங்கள் தங்கை,
துடா

இதை வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து வரும்வரை ஆஸ்பத்திரியில் படுக்கை தருவதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் அண்ணியையும் கூட்டிவந்துவிட்டேன். பாஸு அண்ணா டவுனில் இறக்கிவிடுவார். அம்மா பார்த்துவிட்டாள். மேட்டில் நின்று கூப்பிட வாயைத் திறந்தாள். பிள்ளை விழித்துவிடும் என்று கூப்பிடவில்லை. இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டே நிற்கிறாள். நான் அண்ணியைத் தாங்கி உள்ளே ஏற்றிவிட்டு, பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.