கூறு போட்ட மாத்திரை

1964 மார்ச் 4, புதன்

காலையிலிருந்தே வெயில். கொடியில் காய்ந்த சட்டையெல்லாம் கரித்தூள். மறுபடி நனைக்கணும்.

ஆஸ்பத்திரிக்கு மதராஸ் டாக்டர் வந்திருந்தார். எனக்குப் பிராஸ்டேட்டில் வந்த புற்று இடுப்பெலும்புக்குப் போய்விட்டதாம். பஸ் லேட் என்கிற மாதிரி சொல்கிறார். விதையை எடுக்கும் ஆபரேஷன் செய்யணும் என்றார், முடியவே முடியாது என்றேன். அப்படியானால் ஒரு பரிசோதனை நடக்கிறது, சேருங்கள் என்றார். பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதே மாத்திரை, உள்ளே வெறும் மாவு. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாதாம். இதற்கு ஒரு படிப்பு. மருந்தாக இருந்தால் மார்பு வீங்கி வலிக்கலாமாம். கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன்.

வெளியே பெஞ்சில் வேலாயுதம். பக்கத்து குவார்ட்டர்ஸ். சுரங்கத்தில், கரி கொண்டுபோகும் பெல்ட் செக்ஷனில் என் கீழே இருந்துகொண்டே என்மேல் பெட்டிஷன் போட்டு, எனக்கு வரவேண்டிய போர்மேன் வேலையைக் கெடுத்தவன். அவனுக்கும் இதே நோவு, இதே பரிசோதனை. நோவில்கூட எனக்கென்று தனியாக ஒன்று கிடையாது.

மார்ச் 13, வெள்ளி

காலை ஒன்று, ராத்திரி ஒன்று. பாட்டில் சாரதாவிடம். என் கையில் இருந்தால் கோபத்தில் வீசிவிடுவேனாம். பெண்டாட்டிக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

சைக்கிள் ட்யூப். மந்தாரக்குப்பத்தில் மண்ணெண்ணெய். லீவு நீட்ட எழுதணும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இடுப்பு வலி பாதி இல்லை. பனியன் பட்டாலே மார்க்காம்பு எரிகிறது. என் பாட்டிலில்தான் மருந்து. சாரதாவிடம் சொன்னேன். பக்கத்து வீட்டில் அவன் முனகுவது சமையலறைவரை கேட்கிறது. அவனுக்கு மாவு. நன்றாகத் தின்னட்டும் என்றேன். குழம்பில் உப்பு அதிகம்.

மே 20, புதன்

கத்திரி வெயில். தகரம் மாதிரி காய்கிறது ஊர். மூன்று நாளாக வலி திரும்பியிருக்கிறது. குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. பயமாக இருக்கிறது. மருந்து கெட்டுவிட்டதா?

பக்கத்து வீட்டில் முனகல் இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறான்!

மே 24, ஞாயிறு

காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் வேலாயுதம் தன் மனைவியிடம், "மாரெல்லாம் வீங்கிகினு வருதுடி, சட்டையே போட முடியல" என்கிறான். மருந்து சாப்பிட்டால் வருகிற வீக்கம் அது.

நேரே சாரதாவிடம் போனேன். மறைக்கக்கூட இல்லை. போன மாதம் புது பாட்டில் வந்த அன்றே அவளும் வேலாயுதம் மனைவியும் இரண்டு பாட்டிலையும் முறத்தில் கொட்டிக் கலந்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்களாம். கத்தினேன். என் உயிரை எடுத்து அவனுக்கா கொடுத்தாய் என்றேன்.

"தீபாவளிக்கு இந்த லைனுக்கே கறி கூறு போடுறது நீங்கதானே. ஒருத்தருக்கு ஈரல், ஒருத்தருக்கு வெறும் எலும்புன்னா போடுறீங்க?" என்றாள்.

ஆட்டுக்கறியும் இதுவும் ஒன்றா? சாப்பிடவில்லை. டாக்டரிடம் சொல்லப்போகிறேன்.

ஜூன் 3, புதன்

புழுதிக் காற்று. ஆஸ்பத்திரி பெஞ்சில் வேலாயுதத்தின் பக்கத்திலேயே உட்காரவேண்டியதாயிற்று. அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

"நேத்துதான் வூட்ல சொன்னாங்க. நீங்க டாக்டராண்ட சொல்லிடுவீங்க. சொல்லுங்க, நான் தப்புன்னு சொல்லமாட்டேன்" என்றான். பெட்டிஷன் போட்ட வாய்.

சொன்னால் இரண்டு பேரையும் பரிசோதனையிலிருந்து நீக்கிவிடுவார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். சாப்பிடுகிறேன் என்றேன். புது பாட்டில் கொடுத்தார்.

இந்தப் பெண்கள் போட்ட கூறே தப்பு. முறத்தில் கொட்டிக் கலந்தால் ஒருத்தனுக்கு மருந்து கூடும், ஒருத்தனுக்கு மாவு கூடும். எனக்கு மாவு கூடியிருக்கும், என் ராசி. சாரதாவை அனுப்பி அவன் பாட்டிலை வாங்கிவரச் சொன்னேன். இதில் சரிபாதி, அதில் சரிபாதி. தினம் காலை என் பாட்டில் பொட்டலத்தில் ஒன்று, ராத்திரி அவன் பாட்டில் பொட்டலத்தில் ஒன்று. என் கையாலேயே பிரித்தேன். மருந்து பாதிதான். பாதியில் எத்தனை நாள் ஓடுமோ.

அவன் பங்கை வேலிக்கு மேலே நானே நீட்டினேன். வாங்கினான். அங்கேயே நின்று, என் எதிரிலேயே எண்ணிப் பார்த்தான், ராஸ்கல்.