நீ அனுப்பிய துப்பாக்கி இப்போது உன் தம்பி கையில்

அன்பு மகள் ரோவீனாவுக்கு, உன் அப்பா எல்வுட் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு மேவிஸ் எழுதுவது. நானும் உன் அம்மாவும் உயிரோடும் வாயோடும் இருக்கிறோம், அம்மா வாயோடு கொஞ்சம் அதிகமாகவே. நீ அந்த அலாஸ்காக் கடல் வேலைக் குளிரில் விறைத்துப்போகாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, காய்ந்த காலுறை போட்டுக்கொண்டு நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம்தான், ஆனால் போன் அடித்தால் உன் தம்பி வெர்லின் பக்கத்தில் வந்து காதை நீட்டிக்கொண்டு நிற்கிறான், இதில் அவன் காதில் விழக்கூடாத விஷயம் இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய துப்பாக்கியைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. குழல் வாயால் வெடிமருந்தைக் கொட்டி, குண்டை இறக்கி, கோலால் கெட்டித்துச் சுடுகிற துப்பாக்கி என்றால் புகை வரவேண்டும், அதில் போய்ப் புகையில்லாத மருந்தா, இதற்கா என் மகள் சம்பாத்தியத்தைக் கொட்டினாள் என்று இரண்டு நாள் முணுமுணுத்தேன். ஜனவரியில் நம் ஓஹாயோவில் இந்தக் கெட்டிக்கிற துப்பாக்கிக்கென்று வேட்டைக்கு விடுகிற நாலு நாளில் முதல் நாளே பனித்தூறல். ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவில் ஒரு பெட்டை மான், என் பழைய துப்பாக்கி என்றால் அந்தத் தூரத்துக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன். சுட்டேன். புகை மேகமும் இல்லை மூட்டமும் இல்லை, மான் முன்னங்கால் மடிந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன் மகளே, இத்தனை வருடத்தில் நான் சுட்ட மான் விழுவதை நானே பார்த்தது அன்றுதான். பழைய துப்பாக்கியில் போடுகிற கருமருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டு சண்டித்தனம் செய்யும், இது செய்யவில்லை. அடுத்த குண்டை இறக்கவும் குழலைத் துடைக்க வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் துணியால் ஒரு இழுப்பு இழுத்து மூலையில் சாய்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். உன் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "மகாராஜா இன்னிக்கு வேட்டைக்குப் போனாரா கல்யாணத்துக்குப் போனாரா? மூஞ்சியில கரியே காணோமே" என்றாள். சரி, உன் துப்பாக்கி நல்ல துப்பாக்கிதான், ஒத்துக்கொள்கிறேன், இனி இதைச் சொல்லிக் காட்டாதே.

வினை அங்கேதான் பிடித்தது. அதே தூறலில் உன் தம்பியின் கருமருந்துத் துப்பாக்கி புஸ்ஸென்று இழுத்துக்கொண்டு பிறகு வெடித்திருக்கிறது, புகை விலகிப் பார்த்தால் மானும் இல்லை ரத்தமும் இல்லை, இருட்டும்வரை புதரெல்லாம் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தான். நான் பீன்ஸும் சோள ரொட்டியும் தின்றுகொண்டிருக்க, அவன் சமையலறைத் தொட்டியில் வெந்நீரும் சோப்பும் விட்டுக் குழலைக் கழுவுகிறான், வீடெல்லாம் அழுகிய முட்டை நாற்றம். அன்றைக்கே கழுவாவிட்டால் துரு தின்றுவிடுமே. என் பக்கம் திரும்பி, "மருந்துதானப்பா வித்தியாசம்? உங்க மருந்துல கொஞ்சம் குடுங்க, என்னோடதுலயும் போட்டுப் பாக்குறேன்" என்றான். முடியாது, அது உன் குழலைப் பிளந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். சொன்னால் கேட்கிற பிள்ளையா அது?

காலையில் கொட்டகைக்குப் போனால் என் மருந்து டப்பா திறந்து கிடக்கிறது, அவன் கருமருந்து அளக்கிற அதே பித்தளைக் குழாயில் என் மருந்தைப் பிடித்துக் குழல் வாய்க்கு நேரே சாய்க்கப் போகிறான். மேவிஸ் எழுத மாட்டேன் என்கிற வார்த்தையெல்லாம் சொல்லித் தட்டிவிட்டேன். "பாதி அளவுதானேப்பா" என்கிறான். தராசில் நிறுத்துப் போடுகிற மருந்தில் பாதியாம் அளவாம்! உன் துப்பாக்கியின் குழல் அதற்கென்றே செய்தது, அவனுடையது அப்படியில்லை என்று துப்பாக்கியோடு வந்த புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னேன். கம்பெனிக்காரன் பயமுறுத்துகிறான் என்றான். மர அறுவை ஆலை லூதரைச் சொன்னேன், சின்ன வயதில் தேவாலயத்தில் அவர் கை நீட்டினால் நீ அழுவாயே, அவர்தான். இதே புகையில்லாத மருந்தைப் போட்டு அவர் குழல் சோளத் தோகையை உரித்ததுபோல விரிந்தபோது நான் பக்கத்து மரத்தடியில் நின்றவன், அவர் விரல்களை இலைச்சருகில் தேடியவன். அதற்கும் உன் தம்பி, "அது துருப்பிடிச்ச ஓட்டைக் குழல்ப்பா, நீங்க குடுக்கலன்னா கடையில வாங்கிக்கிறேன்" என்றான். கடைக்காரன் எந்தத் துப்பாக்கிக்கு என்று கேட்டுவிட்டா விற்கப்போகிறான்?

அதனால் மூன்றாம் நாள் காலையில் தோளைப் பிடித்துக்கொண்டு முனகினேன். உங்க அக்கா அனுப்பியது உதைக்கிறது, கனக்கிறது, எனக்கு ஆகாது, உன்னுடையதைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துத் தொலை என்றேன். சும்மா கொடுத்திருந்தால் ரோஷத்தில் வாங்கியிருக்க மாட்டான். இப்போது எனக்கு உதவி செய்கிறவன்போல வாங்கிக்கொண்டான். மருந்து டப்பா என் பெட்டிக்குள் பூட்டில் இருக்கிறது, அம்மா தராசில் நிறுத்துச் சின்னக் குப்பிகளில் அடைத்ததை மட்டும் கொடுக்கிறேன். என் தோளுக்கு ஒன்றுமில்லை மகளே, நீ கொடுத்ததை நான் மதிக்கவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே.

நேற்று அவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். ஒரு கிடா மான் வந்து நின்றது. சுட்டேன். கண்ணெதிரே வெள்ளை வேட்டியை விரித்ததுபோலப் புகை, பட்டதா இல்லையா ஒரு எழவும் தெரியவில்லை. எதிர்மேட்டிலிருந்து உன் தம்பி கத்துகிறான்: "ஒரு முழம் தள்ளிப் போச்சு கிழவா! எனக்கு நல்லாத் தெரிஞ்சுது!" புகை விலகிய பிறகு பார்த்தேன், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டி ஆட்டிச் சிரிக்கிறான் கழுதை. பத்து விரலும் இருந்தன. வீட்டுக்கு வந்து நான்தான் தொட்டியில் கழுவினேன், உன் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அடுத்த முறை அவன் போனில் வந்தால் மருந்தை எப்போதும் நிறுத்துத்தான் போட வேண்டும், வேறு துப்பாக்கியில் போடவே கூடாது என்று நீயாகவே சொல்வதுபோலச் சொல். அக்கா சொன்னால் கேட்பான். என் தோளைப் பற்றிக் கேட்டால் பாவம் அப்பா என்று சொல்லி வை. கடவுள் உன்னைக் குளிரிலும் கடலிலும் காப்பாற்றட்டும். துப்பாக்கி எதுவும் இனி அனுப்பாதே, அனுப்பித்தான் தீருவாய் என்றால் தோள் சரியாகிவிட்டதா என்று முதலில் அவன் எதிரே என்னைக் கேள்.

இப்படிக்கு உன் அப்பா எல்வுட், பெயருக்குக் கீழே இருக்கிற கோணல் கீறல் என் கையால் போட்டது.