டிரைவர் சாகவில்லை

வியாழன் இரவு

அன்புள்ள உங்களுக்கு,

'நானும் பாப்பாவும் நலம்' என்றுதான் எப்போதும் தொடங்குவேன். இந்தக் கடிதத்தில் அந்த வரியைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். பயப்படாதீர்கள். பாப்பா உள்ளே தூங்குகிறாள். எடை சரியாக இருக்கிறது. கீழே இரண்டு பல் எட்டிப் பார்க்கிறது. வரி எங்கும் ஓடிவிடாது, அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான். காலை ஆறு மணிக்கு உங்கள் முகாமின் சாமான் ஜீப் கிளம்பிவிடும். அதற்குள் எழுதி முடித்து அதை ஓட்டும் அண்ணன் கையில் கொடுத்தாக வேண்டும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். டிரைவர் சாகவில்லை.

நம் சீரியல் டிரைவரைத்தான் சொல்கிறேன். இன்று கடைசி எபிசோடு, ஒன்றரை மணி நேரம் ஓடியது. அதில் அவர் குத்துக்கல் மாதிரி வந்து நின்றார். சனிக்கிழமை இன்ஜினியர் அதைப் பதிவு செய்து கொண்டுவந்து, மெஸ் சுவரில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டப் போகிறார் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னீர்கள். உங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் "போதும் அண்ணே, மீதியை அடுத்த வாரம் பேசுங்க" என்று அவசரப்படுத்தியதால் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் செத்துப்போனவர் என்று நீங்கள் துக்கம் காத்த ஆள், ஹாரன் அடித்துக்கொண்டு சுவரில் வரப்போகிறார். சுரங்கம் தோண்டுகிற பதினொரு பேரும் முதலில் உங்கள் சட்டையைத்தான் பிடிப்பார்கள்.

அவரைக் கொன்றது நான்.

நீங்கள் போகும்போது என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அங்க டி.வி. கிடையாது, வாரா வாரம் கதையை மட்டும் எழுதிப் போடு." நானும் எழுதினேன். நீங்கள் அதை மெஸ்ஸில் சத்தமாகப் படிக்கிறீர்கள், சமையல்கார அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார் என்று தெரிந்ததும் இன்னும் உற்சாகமாக எழுதினேன். அம்மா இங்கே இருந்த மூன்று மாதமும் நான் எழுதியது எல்லாம் நிஜம். கதாநாயகி பெரியவள் வீட்டை விட்டு வெளியே அனுப்பப்பட்டது, அவள் தங்கை புருஷனான அந்த வக்கீல் போலிக் கையெழுத்துப் போட்டது, எல்லாம் டி.வி.யில் வந்ததுதான்.

அம்மா ஊருக்குப் போன மறுநாள் டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன். சத்தமாக வைத்தால் பாப்பா மூச்சு விடுவது எனக்குக் கேட்கவில்லை. அடுத்த நாள் சத்தமே இல்லாமல் படத்தை மட்டும் ஓடவிட்டேன். படத்தைப் பார்க்கும் நேரத்தில் பாப்பாவைப் பார்க்கலாமே என்று தோன்றியது, அணைத்துவிட்டேன். பிறகு ஃபேனும் இரைச்சல் போடுகிறது என்று அதையும் நிறுத்தினேன். குழந்தைக்கு வேர்த்துக் கொட்டியது. வேர்வையைத் துடைத்துத் துடைத்து உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் கடிதம் எழுத வேண்டுமே. ஏழரை மணிக்கு நம் கட்டடத்தில் ஆறு வீட்டிலிருந்தும் சீரியல் பாட்டு கேட்கும். சுவரில் காதை வைத்துக்கொள்வேன். பக்கத்து வீட்டில் சிரித்தால் அன்றைக்கு நல்ல செய்தி. மூக்கைச் சிந்தினால் யாருக்கோ ஆபத்து. "இவன் உருப்படுவானா" என்று யாராவது திட்டினால் வக்கீல் வந்திருக்கிறான். மிச்சத்தை நான் போட்டு நிரப்பினேன். வக்கீலுக்கு மஞ்சள் காமாலை வந்து மனம் திருந்தினானே, அது என் கைங்கரியம். உங்கள் சர்வேயர் தம்பி "அண்ணி, இந்த வாரம்தான் கதை சூடு பிடிச்சுது" என்று எழுதிப் போட்டதும் அந்த வாரத்துக்குத்தான்.

கொஞ்சம் இருங்கள், பாப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பார்த்துவிட்டேன். கையை விரித்துப்போட்டு, வீட்டு ஓனர் மாதிரி தூங்குகிறாள்.

டிரைவர் விஷயம். அந்த வாரம் அவளுக்குச் சளி பிடித்திருந்தது. சாதாரணச் சளி. மூன்று இரவு அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். காற்று விரலில் படும், அடுத்தது படும்வரை நான் மூச்சு விட மாட்டேன். நாலாம் நாள் உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எவ்வளவு யோசித்தும் வேறு கதையே வரவில்லை. 'டிரைவர் காரிலேயே படுத்துத் தூங்கினார், காலையில் பெரியவள் வந்து எழுப்பினாள், அவர் எழுந்திருக்கவில்லை' என்று எழுதினேன். எழுதிவிட்டு அழுதேன். நீங்கள் அதைப் படித்துக் காட்டிய அன்று மெஸ்ஸில் யாரும் ரேடியோ போடவில்லை என்று பதில் போட்டீர்கள். பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டு 'டிரைவர் இறந்ததில் எங்களுக்குச் சம்மதமில்லை, டி.வி.காரர்களுக்கு எழுதிப் போடவும்' என்று மனுவும் அனுப்பினீர்கள். அந்தத் தாளைப் படித்து நான் சிரித்திருக்க வேண்டும். மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஒருவர் தூங்கி எழாமல் போவதற்குச் சம்மதிக்காத பதினொரு பேர் எனக்கு அப்போது ரொம்பத் தேவையாக இருந்தார்கள்.

மாட்டிக்கொண்டது ஆறு வாரத்துக்கு முன்னால். மாடிப்படியில் மேல்வீட்டு நர்ஸ் அக்கா, டிரைவர் முந்தின நாள் வக்கீலை மடக்கிக் கேள்வி கேட்டதைச் சொல்லிச் சிரித்தார். நான் என்னை மறந்து "அவர்தான் செத்துட்டாரே அக்கா" என்றேன். "யாரும்மா சொன்னா? நேத்துகூட டயர் மாத்திட்டிருந்தாரே" என்றார். எனக்கு நிஜமாகவே அவர் செத்துப்போயிருந்தார். அக்கா என் முகத்தைப் பார்த்தார், கூடவே வீட்டுக்குள் வந்தார். மேஜை மேல் நோட்டு கிடந்தது. பாப்பா நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறாள் என்று மணி போட்டு எழுதி வைத்திருந்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, நீ எப்போது தூங்குகிறாய் என்று கேட்டார். பாப்பா தூங்கும்போது என்றேன். "அப்ப இதை யார் எழுதினது, பேயா?" என்றார்.

அவர்தான் என்னை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். பிரசவத்துக்குப் பிறகு நிறையப் பேருக்கு வருவதாம். இதற்குப் பெயர் இருக்கிறது, மருந்து இருக்கிறது, சரியாகிவிடும் என்றார் டாக்டரம்மா. வாரம் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வருகிறேன். மாத்திரை பால் கொடுப்பவர்களுக்கு ஏற்றதுதான், கேட்டுவிட்டேன், மூன்று தடவை கேட்டேன்.

நர்ஸ் அக்கா தன் பங்குக்கு ஒரு வைத்தியம் சொன்னார். தினமும் ஏழரைக்கு அவர் வீட்டுக்கு வந்து சீரியல் பார்க்க வேண்டும். முதல் நாள் பாப்பா என் மடியில். அடுத்த வாரம் தரையில் பாயில். அப்புறம் உள் அறையில், கதவு திறந்தபடி. "விளம்பரம் வந்தா எழுந்து போய்ப் பாரு, நடுவுல எழுந்தே, தொலைச்சுடுவேன்" என்பது சட்டம். இந்த ஆறு வாரமும் அங்கே ஒரு கதையைப் பார்த்துவிட்டு, இங்கே வந்து டிரைவர் இல்லாத இன்னொரு கதையை உங்களுக்கு எழுதினேன். இரண்டு குடித்தனம் நடத்துகிறவர்கள் பாடு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துகொண்டேன்.

இனி இன்றைக்கு நடந்தது. இதை மெஸ்ஸில் தாராளமாகப் படிக்கலாம்.

அக்கா வீட்டுக் கூடத்தில் பதினேழு பேர். செருப்பு படிக்கட்டு வரை போய்விட்டது. இஸ்திரி போடும் அக்கா கடையை மூடிவிட்டே வந்திருந்தார். கடைசிக் காட்சியில் பெரியவள் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்கிறாள். வசனமே இல்லை. ஹாரன் சத்தம். பழைய கார் வந்து நிற்கிறது. டிரைவர் இறங்கி, முதல் எபிசோடில் செய்த மாதிரியே பின் கதவைத் திறந்து பிடிக்கிறார். அவள் அவரைப் பார்க்கிறாள். அந்தக் கதவைத் தானே சாத்துகிறாள். சுற்றிக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்காருகிறாள். கார் போகிறது. அவ்வளவுதான்.

இஸ்திரி அக்காதான் முதலில் ஆரம்பித்தார்: "இதுக்கா ஆறு வருஷம் உட்கார வெச்சானுங்க? கல்யாணம் ஆச்சா இல்லையா, அதைச் சொல்லுங்கடா." இரண்டாம் மாடி டீச்சரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டே "முன் சீட்ல உட்கார்ந்துட்டா. அதுக்கு மேல என்னத்தைச் சொல்லணும்?" என்றார். "அப்ப வக்கீலுக்குத் தண்டனை?" என்று இன்னொருவர். "அவன் பொண்டாட்டி கூடவே இருக்கப் போறான்ல, அது போதும்" என்று நர்ஸ் அக்கா. சண்டை படிக்கட்டு வரை வந்தது, யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நாளைக்கு ஏழரைக்கு என்ன செய்வது என்று இஸ்திரி அக்கா கேட்டபோது எல்லாருக்கும் முகம் விழுந்துவிட்டது. உடனே நர்ஸ் அக்கா என்னைப் போட்டுக்கொடுத்தார்: "கவலைப்படாதீங்க, இவகிட்ட இன்னொரு கதை இருக்கு. அதுல வக்கீலுக்கு மஞ்சள் காமாலை." நாளை ஏழரைக்கு நான் போய்ச் சொல்லியாக வேண்டுமாம். ஆனால் டிரைவர் சாகக் கூடாது என்று இப்போதே கண்டிஷன் போட்டுவிட்டார்கள்.

இதற்குக் கீழே உள்ளதை மெஸ்ஸில் படிக்காதீர்கள்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் இரண்டு தடவைதான் எழுந்து போய்ப் பார்த்தேன். கார் வந்து நின்றதிலிருந்து படிக்கட்டுச் சண்டை வரைக்கும் எனக்குப் பாப்பா ஞாபகமே வரவில்லை. நினைவு வந்ததும் உள்ளே ஓடினேன். விழித்திருந்தாள். யாரையும் கூப்பிடாமல் தன் கால் கட்டைவிரலைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கவனிக்காத இருபது நிமிஷமும் அவள் பாட்டுக்கு மூச்சு விட்டிருக்கிறாள்.

டாக்டரம்மா ஒவ்வொரு வாரமும் கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்பார்: "வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" அவர் தூரத்தில் இருக்கிறார், மலைக்குள்ளே இருக்கிறார், கவனம் சிதறினால் அங்கே ஆபத்து என்று ஒவ்வொரு வாரமும் ஒரு பதில் சொல்லுவேன். இந்த வாரம் மட்டும், சனிக்கிழமை தெரிந்துவிடும் என்றேன்.

கோபம் வந்தால் திட்டி எழுதுங்கள், படித்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. முதல் பிறந்த நாளுக்கு என்று பத்து நாள் லீவைச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள், அவள் நடப்பதைப் பார்க்க. பிள்ளை எப்படியும் நடந்துவிடும். இப்போது முன்னால் தவழ நினைத்துப் பின்னாலேயே போய்க் கட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொள்கிறாள், மாட்டிக்கொண்டு நம்மையே முறைக்கிறாள். அதைத் தனியாகப் பார்த்துச் சிரிப்பது நன்றாக இல்லை.

சமையல்கார அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும் என் வணக்கம். மனு ஏற்கப்பட்டது என்று சொல்லுங்கள். சுரங்கத்தில் தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள். ஜீப் திரும்பி வரும்போது அதில் இடம் இருக்குமா என்று ஜீப் அண்ணனிடம் நானே விசாரித்துவிட்டேன். சாமான் இறக்கிய பிறகு காலியாகத்தான் வருமாம்.

இந்தக் கடைசிப் பக்கம் முழுவதும் நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

நானும் பாப்பாவும் நலம்.

உங்கள்,
வீட்டிலிருப்பவள்