மேலே மின்னிய கரி

ஹாலிஎல,
வியாழக்கிழமை

அன்பு மகன் தயாபரனுக்கு, அம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி சக்தி எழுதுவது. இங்கே மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மழைதான் விட்டபாடில்லை. நீ அங்கே கொரியாவில் குளிருக்கு இதமாக உடுத்திக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் சாமியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இந்த ஒரு அறைக் காம்பராவுக்குள் அப்பா காதில் விழாமல் எதையும் பேச முடியாது, குரலைப் பதிந்து அனுப்பலாம் என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் அங்கம்மா அக்காவுக்கு முதலில் கேட்டுவிடும். அதனால்தான் எழுதச் சொல்லி, தாளைப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டாலும் தங்கச்சியின் எழுத்து உன் எழுத்தை விட நன்றாக இருக்கும். இந்த வரியை எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்தாள், அதட்டி எழுத வைத்தேன்.

வீட்டு விசயம் என்றால், கூரைத் தகரம் குசினி அடுப்புப் பக்கம் மறுபடியும் ஒழுகுகிறது, அப்பா தார் பூசியிருக்கிறார். பசறைச் சித்தி மகளுக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் சுகம். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை சக்திக்குப் பெரிது, ஆனாலும் கழற்றுவதில்லை. இதெல்லாம் போனிலேயே சொல்லக்கூடியது. நான் சொல்ல வந்தது போன ஞாயிற்றுக்கிழமை நீ அப்பாவிடம் பேசியதைப் பற்றி. ரயிலில் வந்த யாரோ எடுத்துப் போட்ட அந்த வீடியோவை நீயும் பார்த்துவிட்டாய். மலை ஏறும்போது ரயில் நின்றுபோய், கரும்புகை கிளம்பி, அதற்கு நடுவில் உன் அப்பாவின் முகம் கரியாகத் தெரிய, யாரோ சிரிக்கிற சத்தம். அதைப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் கோபம் வரும்தான். ஆனால் நீ அவரிடம், "ஊரே பாத்து சிரிக்குது, உங்களால ஆகாதுப்பா, அந்தக் கரி அள்ளுற வேலைய விட்டுடுங்க" என்றாய். அவர் சரி தம்பி என்று போனை என்னிடம் தந்துவிட்டார். அன்றிலிருந்து கரிப் பக்கமே போகவில்லை, பின்னால் உள்ள துண்டு நிலத்தில் போஞ்சிக் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருக்கிறார். நாளை மறுநாள் சனிக்கிழமை மறுபடியும் ரயில் போகும். அவர் போகாவிட்டால் வேறு ஆளை ஏற்றுவார்கள், ஏறினவனை அப்புறம் இறக்க மாட்டார்கள்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், நீ போன பிறகு நிறைய மாறிவிட்டது. தேயிலை பெக்டரியை மூடிய பிறகு, அங்கே அடுப்புக்கு டர்பன்டைன் மர விறகு போட்டுக்கொண்டிருந்த அப்பாவை இந்தச் சுற்றுலாக் கம்பெனிதான் எடுத்தது. சனிக்கிழமைகளில் பதுளையிலிருந்து தெமோதரை வரைக்கும் பழைய ஸ்டீம் என்ஜினில் வெள்ளைக்காரர்களையும் கொழும்பு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். டிரைவர் மர்ஸூக் அண்ணன். அவருக்குக் கீழே நெருப்புக்குக் கரி போடுகிற பயர்மேன் அப்பா, ஆனால் இன்னும் பழகுகிற ஆள் என்றுதான் பேர். இந்த மாதம் முடியத்தான் நிரந்தரமா இல்லையா என்று சொல்வார்கள். நான், அங்கம்மா அக்கா, இன்னும் இரண்டு பேர் கரி முற்றத்தில் வேலை. நிலக்கரிக் கட்டியை உடைத்துக் கைப்பிடி அளவாக்கி, அரிசியில் கல் பொறுக்குவது போலக் கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, சாக்கில் சுமந்து என்ஜினின் கரிப்பெட்டியை நிரப்ப வேண்டும்.

கரி என்றால் எல்லாம் ஒன்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை மகன். முதலில் வந்தது கெட்டிக் கரி, உடைத்தால் கண்ணாடி போல மின்னும், கையில் ஒட்டாது. சின்னச் சுவாலை, கொஞ்சம் புகை, நின்று எரியும். அதை நல்ல தடிப்பாகப் பரப்பி வைத்தால் மலை ஏறி முடிகிற வரைக்கும் சூடு தரும். அது முடியப்போகிற நேரத்தில் வேறொரு லோட் வந்தது. மங்கின நிறம், விரலால் அழுத்தினாலே உதிரும். அது பிடித்ததும் நீட்டுச் சுவாலை விட்டு, புகையைக் கக்கி, சீக்கிரம் எரிந்துபோகும். அதைத் தடிப்பாகப் போட்டால் மூச்சுத் திணறிச் செத்துப்போகும், சாம்பலும் உருகிக் கருப்பட்டிப் பாகு மாதிரி நெருப்பைத் தாங்குகிற அடிக்கம்பியில் ஒட்டிக் காற்றை அடைத்துவிடும். கொஞ்சமாகப் போட வேண்டும், அடிக்கடி போட வேண்டும், அடுப்புக் கதவைச் சற்றுத் திறந்து மேலேயும் காற்று விட வேண்டும். அதனால்தான் மர்ஸூக் அண்ணன் இரண்டையும் நன்றாகக் கலந்து நிரப்பச் சொன்னார்.

நாங்கள் கலக்கவில்லை. கலக்கக்கூடாது என்று யாரும் நினைக்கவும் இல்லை. நீ சின்ன வயதில் என் கூட மலைக்கு வந்திருக்கிறாய், கொழுந்து நிறுக்கிற இடத்தில் பார்த்திருப்பாய். முத்தல் இலை கூடையின் அடிக்குப் போகும், இளங்கொழுந்தைத்தான் மேலே பரப்புவோம், கங்காணி மேலே பார்த்துவிட்டுத் தராசுக்கு விடுவார். இத்தனை வருடம் அப்படிப் பழகின கை. புதுக்கரியை முதலில் கொட்டினோம், மிச்சம் இருந்த நல்ல கரியை அதன் மேல் அழகாகப் பரப்பினோம். வெள்ளைக்காரர்கள் வந்து பார்ப்பார்களே என்று அங்கம்மா அக்கா ஒரு கட்டியைத் துணியால் துடைத்தும் வைத்தார். நானும் தள்ளி நின்று பார்த்து நன்றாக இருக்கிறது என்றேன். அப்பா வந்தார், மேலே மின்னுகிற கரியைப் பார்த்தார், கெட்டிக் கரிக்கு வைக்கிற மாதிரி நெருப்பைத் தடிப்பாக வைத்தார். ஆனால் கரிப்பெட்டிக்கு வாய் அடியில் அல்லவா இருக்கிறது. அவர் சவலில் அள்ள அள்ள வந்ததெல்லாம் அந்த உதிர்கிற கரி. ஏற்றத்தில் நடுவில் நிறுத்தி நெருப்பை மாற்றவும் முடியாது. மலையில் என்ன நடந்தது என்பதை சக்தியே எழுதட்டும், அன்றைக்கு ஆட்களுக்குத் தேநீர் ஊற்ற அவளைத்தான் ரயிலில் அனுப்பியிருந்தார்கள்.

அண்ணா, இது நான். எனக்கு அங்கே யாரிடமும் பேச வெட்கமாக இருந்ததால் தேநீர்த் தட்டோடு கடைசிப் பெட்டியில்தான் நின்றேன். உடுவரை ஸ்டேசனைத் தாண்டினதும் ரயில் மெதுவாகி மெதுவாகி நின்றுவிட்டது. எல்லாரும் எட்டிப் பார்த்துப் படம் எடுத்தார்கள். என்ஜினுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோகச் சொன்னார்கள், நான் இறங்கிப் போய் மேட்டில் நின்றேன். அப்பா நீளக் கம்பியை உள்ளே விட்டு அடியில் ஒட்டியிருந்ததைக் கிளறி உடைத்தார். ஒவ்வொரு துண்டும் தோசைக்கல் அளவு இருந்தது, சிவப்பாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வடிந்தது, துடைக்கக்கூட இல்லை. மர்ஸூக் மாமா கம்பியைத் தன்னிடம் தரச் சொல்லிக் கேட்டார், அப்பா கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் வெளியில் இழுத்துப் போட்ட பிறகு ஒரு சவல் கரி போட்டுவிட்டு, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். புகை மெலிந்ததும் இன்னொரு சவல். அப்படியே போட்டுப் போட்டு ஸ்டீம் முள் ஏறியது. ரயில் தானாகவே தெமோதரைக்குப் போனது அண்ணா, வேறு என்ஜின் வந்து இழுக்கவில்லை. வீடியோ எடுத்தவர் அதற்குள் போனைப் பையில் வைத்துவிட்டார், கிளம்பினபோது என்னிடம் இன்னொரு தேநீர் கேட்டார். இனி அம்மா சொல்வது.

திங்கட்கிழமை மர்ஸூக் அண்ணன் கரி முற்றத்துக்கு வந்தார். தெமோதரையில் கரிப்பெட்டி மேல் ஏறிப் பார்த்தாராம், நல்ல கரி வைத்தது வைத்தபடி மேலேயே இருந்ததாம். "ஏன் தங்கச்சி, இது என்ன கொழுந்துக் கூடையா, மேல பாத்தா தங்கம், அடியில முத்தல்" என்று என்னைக் கேட்டார். எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. அங்கம்மா அக்கா சும்மா இருப்பாரா, "முப்பது வருசம் கங்காணிய ஏமாத்தின கை அண்ணே, நீங்க ஒரு வாட்டி சொன்னா திருந்திடுமா" என்றார். அவரும் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அப்பாவுக்கு இது சனிக்கிழமையே தெரிந்திருக்கிறது. மேனேஜர் ஐயா என்ன நடந்தது என்று கேட்டதற்கு, "நெருப்பு என் கையில இருந்திச்சுங்க, வேற யாரையும் கேக்க வேணாம்" என்றாராம். என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ திட்டியபோதும் சொல்லவில்லை. நாங்கள் நாலு பேரும் போய் மேனேஜரிடம் நாங்கள்தான் அப்படி நிரப்பினோம் என்று சொன்னோம். இனிமேல் தன் கண் முன்னால் கலந்துதான் ஏற்ற வேண்டும் என்றார், அப்பா சனிக்கிழமை வரட்டும் என்றும் சொன்னார். கம்பெனியோடு பிரச்சினை அவ்வளவில் முடிந்தது.

முடியாமல் இருப்பது நீ சொன்னதுதான். உன் மேல் அவருக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்தால் எனக்கு நிம்மதி. "தயா சொல்றது சரிதானே, எனக்கு இது ஆகாது" என்கிறார். அவரோடு குடும்பம் நடத்திய இத்தனை காலத்தில் பெக்டரியை மூடின அன்றுகூட அவர் வாயில் அந்தப் பேச்சு வந்ததில்லை. உனக்கு அவர் உடம்பைப் பற்றிய பயமும் இருக்கிறது, எனக்குத் தெரியும். சூடும் புகையும் எனக்கும் கவலைதான், கண்ணுக்குப் போடுகிற கண்ணாடி ஒன்று நானே கேட்டு வாங்கித் தந்திருக்கிறேன். ஆனால் வேலையை விடுவது வேறு, தன்னால் ஆகாது என்று நினைத்துக்கொண்டு உட்காருவது வேறு.

நேற்று மர்ஸூக் அண்ணன் நம் லயத்து வீட்டுக்கே வந்தார். சனிக்கிழமை வருவீங்கதானே என்று கேட்டார், அப்பா பாப்பம் என்றார். அண்ணன் அதற்கு மேல் வற்புறுத்தாமல் தேநீரைக் குடித்துக்கொண்டு, அடுத்த லோட் கோழிமுட்டை மாதிரி அச்சில் அழுத்தி உருட்டின கரியாம், புகை குறைவாம், ஆனால் பிடிக்க நேரமாகுமாம் என்று பொதுவாகச் சொன்னார். அப்பா குனிந்து கம்பு சீவிக்கொண்டிருந்தவர், தன்னை அறியாமல், அது உதிர்ந்து கம்பிக்கு இடையில் விழாதா என்று கேட்டுவிட்டார். வந்து பாத்தாத்தானே தெரியும் என்றார் அண்ணன். அப்பா திரும்பவும் கம்பு சீவத் தொடங்கினார். ஆசை இருக்கிறது மகன், எனக்கு அது போதும், அவருக்குத்தான் போதவில்லை.

ஆகவே நாளைக்கு நீ அப்பாவுக்குப் போன் எடு. மன்னிப்புக் கேட்காதே, உங்கள் இரண்டு பேருக்கும் அது வராது, நடுவில் நான்தான் அழ வேண்டியிருக்கும். நாங்கள் கரி நிரப்பின கதையையும் எடுக்காதே, நான் சொல்லிக்கொடுத்தேன் என்று தெரிந்துவிடும். வேலைக்குப் போங்கள் என்றும் சொல்ல வேண்டாம். நின்றுபோன ரயிலை எப்படியப்பா திரும்ப ஏற்றினீர்கள் என்று மட்டும் கேள். கேட்டுவிட்டு நீ பேசாமல் இரு. அவர் முதலில் ஒன்றுமில்லை என்பார், அப்போதும் வைத்துவிடாதே. நெருப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அவரால் பாதியில் நிறுத்த முடியாது, சொல்லி முடிக்கும்போது அது யார் செய்தது என்று அவருக்கே கேட்கும்.

பசியோடு படுக்காதே, ஈரத் தலையோடு வெளியில் போகாதே. எங்கே இருந்தாலும் நீ நல்லா இருக்க வேண்டும், கை கால் சுகத்தோடு வந்து சேர வேண்டும், மாரியம்மன் உனக்குத் துணை இருப்பாள்.

உன் அம்மா,
விஜயலெட்சுமி

அண்ணா, நாளைக்கு ஆறு மணிக்கு மேல் எடுங்கள், அப்பா குளித்துவிட்டு உள்ளேதான் இருப்பார். அங்கே அப்போது இரவாகிவிடும், தூங்கிவிடாதீர்கள். நானும் அம்மாவும் அந்த நேரம் அங்கம்மா பெரியம்மா வீட்டில் போய் இருந்துகொள்கிறோம்.
சக்தி