சொல்லாமல் விட்ட பெரிய குறை

இன்று காலை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிரில் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண்ணின் பையில் நம் அனிமே தளபதி தொங்கிக்கொண்டிருந்தாள். சாவிக்கொத்துப் பொம்மைதான். அதே குட்டை முடி, அதே கோணல் சிரிப்பு. "இவளோட முன்கதைப் படம் பாத்தியாம்மா?" என்று கேட்டேன். "பாத்தேன் ஆன்ட்டி, சுமார்தான்" என்றாள். ஆன்ட்டி என்றதை மன்னித்துவிட்டேன். சுமார் என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

திண்டிவனத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் விழுப்புரம் காலேஜுக்கு ஒன்றாகப் போய்வந்த நாளிலிருந்தே நமக்கு ஜப்பான் அனிமே பைத்தியம். "பொம்மைப் படம் பாக்குற வயசா இது?" என்று உங்கள் வீட்டிலும் திட்டு, எங்கள் வீட்டிலும் திட்டு. வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கியும் பைத்தியம் தெளியவில்லை. படம் முடிந்ததும் நீ போட்ட சட்டம் அமலுக்கு வரும். படத்தைக் கொண்டுவந்தவள் குறை மட்டும் சொல்ல வேண்டும், மற்றவள் நிறை மட்டும் சொல்ல வேண்டும். "கொண்ணாந்தவ அவ படத்தப் பத்தி அவளே பீத்திக்கக் கூடாதுடி" என்பாய். எனக்குக் குறை சொல்வதென்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. அதனாலேயே நிறைய படங்களை நான் கொண்டுவந்தேன்.

தளபதியின் தொடர் உனக்கு உயிர். அதில் பாதியிலேயே அவள் ஒரு பாலத்தைக் காத்துக்கொண்டு நின்று செத்துப்போனாள். அன்றைக்கு நீ பிரியாணியைக்கூட வேண்டாம் என்று தள்ளிவிட்டாய். சில வருஷம் கழித்து முன்கதைப் படம் வந்தது. பதினேழு வயதில் அவள் எல்லைக் கோட்டைக்கு முதல்முதலாக வந்து சேர்கிற கதை. அது என் கைக்குக் கிடைத்தபோது நீ முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இருந்தாய்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் லேப்டாப்போடு வந்தேன். வார்டு வாசலிலேயே உன் அக்கா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனார். "ரிப்போர்ட் வந்துடுச்சிம்மா. இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லன்னுட்டாங்க. அவகிட்ட மூச்சு வுட்டுடாத. ஞாயித்துக்கெழம பூசை முடிச்சிக்கினு ஃபாதர் வர்றேன்னிருக்காரு. அவரு பக்குவமா சொல்லட்டும். நாம சொன்னா தாங்க மாட்டா."

தலையாட்டினேன். மனதில் இருப்பதை முகம் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும் ஆள் நான். அக்கா வேறு யாரையாவது உள்ளே அனுப்பியிருக்கலாம்.

ஆளுக்கொரு இயர்போன் மாட்டிக்கொண்டு பார்த்தோம். கோட்டைச் சுவரில் பனி இறங்கியது, குதிரைகள் ஓடின, எனக்கு ஒன்றும் ஏறவில்லை. நீ சிரிக்கிற இடத்தில் நானும் சிரித்தேன். சிரிப்பு நின்ற பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். நீ ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தாய். படம் முடிந்தது.

"கொண்ணாந்தவ நீதான? ஜல்தி ஆரம்பி."

"வில்லன் சரியில்ல. சும்மா கத்திக்கினே இருக்கான். எதுக்குக் கெட்டவனானான்னே தெரியல."

"அப்புறம்?"

"பனியில போடுற சண்ட ரொம்ப இழுவை. அவ நெத்தித் தழும்புக்கு ஒரு கத தேவையே இல்ல. தொடர்ல வர்றவங்க எல்லாம் வரிசையா வந்து மூஞ்சி காட்டிட்டுப் போறாங்க, கல்யாண வீட்ல மொய் எழுத வந்த மாதிரி."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

நீ இயர்போனைக் கழற்றினாய். "முன்கதைன்னாலே நீ மொதல்ல திட்டுற குறை ஒண்ணு இருக்கே. அத ஏன்டி வுட்ட?"

எனக்குத் தெரியாதா? எந்த முன்கதைப் படம் பார்த்தாலும் நான் வாயைத் திறந்ததும் சொல்வது அதைத்தான். 'இவ சாவப்போறான்னு நமக்கு முன்னாடியே தெரியும், அப்புறம் இன்னா பதட்டம்?' அந்த வாக்கியத்தை உன் கட்டிலருகே உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வேன்?

"மறந்துட்டேன்."

"நீ? மறந்துட்ட?"

தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். அதில் தண்ணீர் இல்லை. வராந்தாவில் யாரோ டிராலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள், அந்தச் சத்தம் தேயும்வரை நீ என் முகத்தையே பார்த்தாய். பிறகு மெதுவாகக் கேட்டாய். "அக்கா வெளிய இன்னா சொல்லுச்சி?"

நான் காலி பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். நீ மறுபடி கேட்கவில்லை. உன் விரல்கள் போர்வையைப் பிடித்து முறுக்கியதைப் பார்த்தேன். அந்த நிமிஷம் உன் அக்காமேல், அந்தப் படத்தின்மேல், உன் சட்டத்தின்மேல் எல்லாம் எனக்கு ஆத்திரமாக வந்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"சரி, நிறை நான்தான சொல்லணும்" என்றாய். "கோட்டைக்கு வந்த அன்னிக்கு அவ கஞ்சி காச்சறேன்னு அடி புடிக்க வுட்டுடுவா பாரு. தொடர்ல அந்த சீன் வந்திருந்தா ஓட்டி வுட்டிருப்போம். இன்னிக்கு ஓட்டல. அவ போயிடுவான்னு தெரிஞ்சிதான் அவ கரண்டி புடிக்கிறதக்கூட கண்ணெடுக்காம பாத்தேன். நீ குறைன்றியே, படத்துல இருக்கிற நல்லதே அதுதான்டி."

"அந்த சீன மறுபடி போடு" என்றாய். போட்டேன். கஞ்சி தீய்ந்தது, தளபதி முழித்தாள், நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே என் தோளில் முகத்தை வைத்து அழுதாய். நானும் அழுதேன். அக்கா காபியோடு வந்து, "பொம்மைப் படம் பாத்துட்டு அழுவுறீங்களே, பைத்தியங்களா" என்றார். இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பங்கு ஃபாதர் வந்தார். அக்கா உன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலோரம் நின்றேன். உன் பார்வை ஒருமுறை என் பக்கம் வந்தாலும் அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிடும். ஃபாதர் உன் கையைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நீ கண்ணை அகல விரித்துக் கேட்டாய். "நெஜமாவா ஃபாதர்?" என்றாய். பிறகு அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாய். அந்த அழுகை பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். முதல்முறை கேட்கிற மாதிரி கேட்டாயே, அதுதான் எனக்காகவும் அக்காவுக்காகவும் நீ செய்தது. கடைசிவரை என் பக்கம் நீ திரும்பவே இல்லை.

மழைக்காலம் வருவதற்குள் நீ போய்விட்டாய்.

திண்டிவனம் போகும்போதெல்லாம் அக்காவைப் பார்க்கிறேன். உட்காரவைத்து, அவித்த மல்லாட்டைக் கடலையைத் தட்டில் போட்டு, ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்கிறார். "அன்னிக்கு ஃபாதர் அவ்ளோ பக்குவமா சொன்னாரு, அதான் அவ தாங்கிக்கினா. நீயும் நானும் முந்திக்கினு உளறாம இருந்தமே, அந்த ஒரு நல்லதாவது அவளுக்குப் பண்ணோம்மா."

நான் கண்ணெடுக்காமல் அவர் முகத்தைப் பார்த்து, "ஆமாக்கா" என்கிறேன்.